மேல்வரிசைப் பல்செட் ஒன்று, பயன்படுத்தியது

எங்கள் நாடு கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும்தான் நாடு. அதற்கப்பால் கடலடியில் இருக்கிற எண்ணெய் எங்களுடையது, மீன் எங்களுடையது, எண்ணெய் எடுக்கிற ரிக்கில் நின்று நனைகிற ஆட்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். ஆனால் இங்கிருந்து அந்த ரிக்குக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு போனால் அது நார்வேயை விட்டு ஏற்றுமதியாகிறது. வேகாமல் திரும்பி வந்தால் இறக்குமதியாகிறது. நடுவில் அது எந்த நாட்டில் இருந்தது என்று கேட்டால், எந்த நாட்டிலும் இல்லை என்பதுதான் அதிகாரபூர்வமான பதில்.

இந்தப் போக்குவரத்துக்கான சுங்கக் காகிதங்களைத் தயாரிப்பது என் பிழைப்பு. ரிக்குகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல்கள் வந்து நிற்கிற எங்கள் சின்னத் துறைமுகத்தில், மழை ஒழுகாத ஒரு மூலையில் என் மேசை இருக்கிறது. நான் டாய்லெட் பேப்பரை ஏற்றுமதி செய்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் மரத்தை ஏற்றுமதி செய்து, பண்டிகை முடிந்ததும் இறக்குமதி செய்திருக்கிறேன். திரும்பி வந்த மரத்தின் எடை குறைந்திருந்தது. இலைகள் கொட்டிவிட்டன என்று எழுதினேன். யாருடைய மேற்பார்வையில் கொட்டின என்று கேட்டுக் காகிதம் திரும்பி வந்தது. அடுத்த வருடத்திலிருந்து ரிக்குக்குப் பிளாஸ்டிக் மரம்தான். ஆகவே ஹால்வாரின் பல் விஷயம் தொடங்கியபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, அலுப்புதான் வந்தது.

ஹால்வார் ரிக்கில் கிரேன் ஓட்டுகிறவன். வாசலை அடைக்கிற உடம்பு, வாய் அதைவிடப் பெரியது. அவனுடைய மேல்வரிசைப் பற்களை எப்போதோ ஒரு கிரேன் கொக்கி தட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் பல்லுக்காகப் போகிற வழக்கப்படி அவனும் புடாபெஸ்டுக்குப் போய் ஒரு பல்செட் செய்து மாட்டிக்கொண்டு வந்தான். அதன் அருமை பெருமையையும் விலையையும் அவன் வாயால் கேட்காதவர்கள் ரிக்கில் யாரும் கிடையாது.

அன்றைக்கு ரிக்கைச் சுற்றி மூடுபனி. முறை முடிந்து கரைக்குத் திரும்புகிறவர்கள் கடலில் விழுந்தாலும் மிதக்க வைக்கிற அந்தத் தடித்த உடைக்குள் பாதி நுழைந்தபடி, ஹெலிகாப்டருக்காகக் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உடையோடு வருகிற மூச்சுக்கருவியை வாயில் கவ்விப் பார்ப்பதற்காக ஹால்வார் பல்செட்டைக் கழற்றி ஒரு காலிக் கோப்பையில் வைத்தான். அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடினான். கரையில் இறங்கி நேராக என் மேசைக்கு வந்தான்.

"துரீத், ஹனிக்கிழமை கல்யாணம். பல்லு அங்கயே ஹிக்கிடுச்சு."

இனி அவன் பேச்சைப் பல்லோடேயே எழுதிவிடுகிறேன். காற்று போகிற இடங்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணம் அவன் ஒரே மகள் சுன்னீவாவுக்கு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிரியார் இல்லாவிட்டால் கூடச் சமாளித்துவிடலாம், பெண்ணின் அப்பா எழுந்து நின்று பேசாவிட்டால் முடியாது. விருந்தில் அதைக் கேட்கத்தான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

"அவ சைக்கிள் பழகுனப்ப நான் ரிக்ல. பள்ளிக்கூடத்துல முதல் நாள், ரிக்ல. அவங்கம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்தப்பக்கூட நான் வந்து சேர ரெண்டு நாளாச்சு, புயல்" என்றான் ஹால்வார். "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவை எந்திரிச்சு நின்னு பேசப் போறேன். அவகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இந்த வாயை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

"பல் டாக்டர்கிட்ட கேட்டியா?"

"அடுத்த மாசம் வரச் சொல்றாங்க. கல்யாணத்தை வேணா தள்ளி வைங்கன்னு சொல்லிச் சிரிக்கிறா அந்தம்மா. அவளுக்கென்ன, வாய் நிறையப் பல்லு."

அடுத்த ஹெலிகாப்டரில் யாராவது கொண்டு வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருவன் சாமானை இன்னொருவன் பையில் வைத்துக்கொண்டு ஹெலிகாப்டர் ஏறக் கூடாது என்பது விதி. வேறு தேசமாக இருந்தால் எவனாவது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்து சேர்ந்திருப்பான். எங்கள் ஆட்களுக்கு அது தோன்றுவதே இல்லை. ரிக்கின் ஸ்டோர் பொறுப்பாளர் யோஸ்டைனுக்கோ கனவில் கூடத் தோன்றாது. அவன் கோப்பையைக் கண்டெடுத்தான், யாருடையது என்று புரிந்துகொண்டான், கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கப்பலில் அதை முறைப்படி ஏற்றினான். பழைய வால்வுகளும் காலி சிலிண்டர்களும் நிறைந்த ஒரு பெரிய கண்டெய்னருக்குள், பஞ்சு சுற்றிய டப்பாவில் பல்செட் பயணம் செய்தது. சரக்குப் பட்டியலில் அதற்குத் தனி வரி கொடுத்திருந்தான். மேல்வரிசைப் பல்செட் ஒன்று, பயன்படுத்தியது, தயாரித்த நாடு ஹங்கேரி. ஹால்வார் சாப்பாட்டு மேசையில் பீற்றிக்கொண்ட விலையையும் மறக்காமல் போட்டிருந்தான்.

"எதையும் மறைக்கல, துரீத். எல்லாம் நேர்மையா எழுதியிருக்கேன், கவலைப்படாதே" என்று எனக்குப் போன் செய்தும் சொன்னான். அப்போதே நான் ஒரு புது ஃபைலை எடுத்து மேசையில் வைத்தேன்.

கப்பல் வந்தது. கண்டெய்னரைத் திறந்தார்கள். வால்வுகள் போயின, சிலிண்டர்கள் போயின, பல்செட் மட்டும் நின்றுவிட்டது.

துறைமுகத்துச் சுங்க அறையில் ஸ்வெர்ரெ என்ற இளைஞன் இருந்தான். நல்ல பையன், யாரையும் கடிந்து பேச மாட்டான். வாசலில் நின்று ஷூவைத் துடைத்துவிட்டு என்னோடு உள்ளே வந்த ஹால்வாருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

"ஒரு சின்ன விஷயம்தான், ஹால்வார். இது இங்கிருந்து வெளியே போனதுக்கு ஏற்றுமதிக் காகிதம் இருக்கா?"

"வாயில வச்சுக்கிட்டுப் போனேன்."

"அதான் சிக்கல். வெளியே போகாத சரக்கு எப்படித் திரும்பி வர முடியும்? திரும்பி வரலைன்னா இப்பதான் முதல் தடவையா உள்ளே வருது. புதுசா இறக்குமதி ஆகுது. எங்கிருந்துன்னு போடட்டும்?"

"கடல்லேருந்து போடுங்க."

"கடல்னு ஒரு நாடு இல்லையே."

"ஹங்கேரின்னு போடுங்க. அங்க செஞ்சதுதான். புடாபெஸ்ட்லேருந்து நானே வாயில மாட்டிக்கிட்டு வந்தேன்!"

ஸ்வெர்ரெ பேனாவை மேசையில் வைத்தான். "விமான நிலையத்துல அறிவிச்சீங்களா?"

"என்னத்தை?"

"பல்லை."

"சிரிச்சுக்கிட்டேதான் வந்தேன். எல்லாரும் பார்த்தாங்க."

"அறிவிக்க ஒண்ணும் இல்லாதவங்க போற பச்சை வழியாவா வந்தீங்க?" என்றான் ஸ்வெர்ரெ, ஏதோ சாவுச் செய்தி கேட்பவன் மாதிரி. ஹால்வார் என்னைப் பார்த்தான். வாயை மூடு என்று நான் கண்ணைக் காட்டுவதற்குள் ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

"சரி, வரி எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டித் தொலைக்கிறேன்."

ஸ்வெர்ரெ தன் தடித்த புத்தகத்தைப் புரட்டினான். "செயற்கைப் பல்லுக்கு வரி கிடையாது. பூஜ்யம்."

"அப்புறம் என்ன?"

"பூஜ்யமா இருந்தாலும் முறைப்படிதான் வசூலிக்கணும், ஹால்வார். இல்லைன்னா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

விஷயம் அவன் கையை மீறிப் போனதால், எங்களைக் கடல்வெளிச் சரக்குப் பிரிவுக்கு அனுப்பினான். பிரிவின் தலைவி போர்ஹில்ட். கூட்ட அறையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, மேசையில் வாஃபிளும் பழுப்புச் சீஸும் வைத்திருந்தார்கள். எங்கள் அதிகாரிகள் ஒரு மனிதனை நோகடிப்பதற்கு முன் அவனுக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்துவிடுவார்கள். ஹால்வார் வாஃபிளைக் காப்பியில் நனைத்து ஈறுகளால் மென்றான். நடுவில், வெள்ளைத் துணி விரித்த தட்டில், பல்செட் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார் போர்ஹில்ட். "எங்களை ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. எங்களுக்கு மனுஷங்கதான் முக்கியம். மனுஷங்க மேல நாங்க கை வைக்கவே மாட்டோம். பல்லு வாயில இருக்கிற வரைக்கும் அது மனுஷன். வாயை விட்டு இறங்கிட்டா சரக்கு. இதுல ஒரு அழகு இருக்கு, யோசிச்சுப் பாருங்க. இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுலேருந்து, உள்ளே வந்த சரக்கைப் பத்தி எங்களுக்கு ஒரு புகார் கூட வந்ததில்லை."

"உள்ளே வந்த சரக்கு எவ்வளவு?" என்று நான் கேட்டேன்.

"அந்தக் கணக்கு இன்னும் ஆய்வுல இருக்கு" என்றார் அவர், கொஞ்சமும் சங்கடப்படாமல்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். வெளியே போன சரக்கு போன நிலையிலேயே திரும்பினால் ஒரு சலுகை உண்டாம். ரிக்கில் சாப்பிட்டதில் பல் தேய்ந்திருந்தால் அது நுகர்வு. எதையாவது கூட்டியிருந்தால் அது தயாரிப்பு. இரண்டும் இல்லை என்று ரிக்கின் பொறுப்பாளர் வாய்வார்த்தையாகச் சொன்னாலே போதும், அன்றைக்கே விட்டுவிடலாம். எனக்கு மூச்சு வந்தது. போனை ஒலிபெருக்கியில் போட்டு யோஸ்டைனைக் கூப்பிட்டார்கள்.

"யோஸ்டைன், பல்செட்டை நீங்க எடுத்த மாதிரியே அனுப்பினீங்களா?"

"எடுத்த மாதிரியேவா? சேச்சே!" என்றான் யோஸ்டைன். காற்றும் இரைச்சலுமாக அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது. "கல்யாணத்துக்குப் போடப் போறான், அப்படியே அழுக்கோட அனுப்ப முடியுமா? பட்டறையில கருவியெல்லாம் கழுவுற மெஷின்ல போட்டுப் பளபளன்னு ஆக்கியிருக்கேன். ஓரத்துல ஒரு பிசிறு இருந்துச்சு, அதையும் ராவிட்டேன். காசெல்லாம் வேணாம்னு ஹால்வார்கிட்ட சொல்லுங்க."

போர்ஹில்ட் ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

"சுங்க எல்லைக்கு வெளியே மெருகேற்றம், பழுதுபார்ப்பு" என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் எழுதிக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றான் ஹால்வார். கெஞ்சுகிற குரலில்தான் கேட்டான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அந்தக் குரல் வந்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது.

"நிபுணர் கருத்து வாங்கணும், அதுக்குக் கொஞ்ச காலம் ஆகும். ஆனா சனிக்கிழமை கல்யாணம்னு எங்களுக்கும் தெரியும், நாங்களும் அப்பா அம்மாதான்" என்றார் போர்ஹில்ட். "கண்காட்சிக்கு வர்ற குதிரைகளுக்குத் தர்ற மாதிரி, தற்காலிக அனுமதி தரலாம். ஒரே ஒரு நோக்கத்துக்கு. உங்க நோக்கம் என்ன?"

"என் பொண்ணு முன்னால பேசணும்."

"பேச்சு எப்ப முடியும்?"

"இனிப்பு பரிமாறுறதுக்கு முன்னால முடிஞ்சிரும். எங்க ஊர்ல எப்பவும் அப்படித்தான்."

"அப்ப இனிப்பு வர்ற வரைக்கும்னு போட்டுக்கறோம். பேசலாம். மெல்லக் கூடாது, அது நோக்கத்துல வராது."

"சிரிக்கலாமா?"

போர்ஹில்ட் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கலந்து பேசினார். "சிரிப்பைப் பேச்சோட சேர்த்துக்கலாம்" என்றார் பெருந்தன்மையாக.

இப்படித்தான் ஸ்வெர்ரெ, பல்லுக்குக் காவலாக, சுன்னீவாவின் கல்யாண விருந்துக்கு வந்தான். ஊர்க்கூடம் முழுக்க வெள்ளிப் பொத்தான் வைத்த கம்பளி உடைகள், நடுவில் இவன் மட்டும் சீருடையில், மடியில் முத்திரை வைத்த டப்பாவோடு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அவனைப் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்து விழுந்து விழுந்து கவனித்தார்கள். விருந்து தொடங்கியதும் அவன் முத்திரையை உடைத்தான், ஹால்வார் பல்லை மாட்டிக்கொண்டான், அனுமதி பெற்ற சிரிப்பைச் சுற்றிலும் ஒரு தடவை சிரித்துக் காட்டினான். சுன்னீவா தூரத்திலிருந்து கையசைத்தாள்.

ஆட்டுக்கறி வந்தது. ஹால்வார் குழம்பை மட்டும் கரண்டியால் குடித்தான். சொந்த மகள் கல்யாணத்தில் அவன் வாயில் பல் இருந்தும் மெல்லவில்லை. ஸ்வெர்ரெ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான், அவன் பல்லுக்கு எந்த நிபந்தனையும் இல்லை.

பேச்சு முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் கல்யாணங்களில் வருகிறவர்கள் எல்லாம் தெரிந்த மெட்டுக்குச் சொந்தமாகப் பாட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எல்லோரும் எழுந்து நின்று முழுதாகப் பாடியாக வேண்டும். மாப்பிள்ளையின் அத்தை எழுதிய பாட்டில் அவன் பிறப்பதற்கு முன்பே பல சரணங்கள் போய்விட்டன. அவன் படிப்பு முடிந்து வேலை கிடைக்கிற வரைக்கும் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். ஹால்வார் பாடிக்கொண்டே சமையலறைக் கதவைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

கடைசியில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றான். நன்றாகவே பேசினான். சுன்னீவா சின்ன வயதில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி எல்லா ஹெலிகாப்டருக்கும் அப்பா என்று கத்துவாள் என்று சொன்னபோது கூடமே சிரித்தது. மாப்பிள்ளைக்கு உருளைக்கிழங்கு உரிக்கத் தெரியவில்லை என்றான், அதற்கும் சிரித்தார்கள். பிறகு கிளாஸைக் கீழே வைத்தான். மகளைப் பார்த்தான்.

"சுன்னீவா, வேடிக்கையெல்லாம் போதும். நான் உன்கிட்ட சொல்ல வந்தது இதுதான்" என்றான்.

சமையலறைக் கதவு திறந்தது. கிரீம் இனிமேல் தாங்காது என்று அங்கிருந்த பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. மஞ்சள் காட்டுப்பழம் போட்ட கிரீம் கிண்ணங்கள் வரிசையாக வந்தன. முதல் கிண்ணம் மணமக்கள் முன்னால் வைக்கப்பட்டது.

ஸ்வெர்ரெ எழுந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. "மன்னிக்கணும், ஹால்வார்" என்றான் மெதுவாக. "இனிப்பு வந்துடுச்சு."

அந்தக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. கடலில் புயலோடு மல்லுக்கட்டுகிற ஆட்கள் பாதிப் பேர். ஸ்வெர்ரெ தனி ஆள், ஹால்வார் தும்மினால் பறந்துபோகிற உடம்பு. போடா என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், அவன் உட்கார்ந்திருப்பான், சந்தோஷமாகவே உட்கார்ந்திருப்பான். ஒருவரும் சொல்லவில்லை. ஹால்வார் கிண்ணத்தைப் பார்த்தான், ஸ்வெர்ரெயைப் பார்த்தான், ஆமாம், வந்துவிட்டது என்பது போலத் தலையை ஆட்டினான். பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து டப்பாவில் வைத்தான். நன்றி என்று வேறு சொன்னான். ஸ்வெர்ரெயின் ஒரு கையில் டப்பாவும் இன்னொன்றில் முத்திரையும் இருந்ததால் மூடியைப் பிடித்துக் கொடுத்தது நான். எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை. ஹால்வார் மேல் வந்தது, கூடத்தில் கிரீமைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எல்லோர் மேலும் வந்தது, மூடியைப் பிடித்த என் கையின் மேல் வந்தது.

ஹால்வார் உட்காரப் போனான்.

"உட்காராதேப்பா" என்றாள் சுன்னீவா. "என்ன சொல்ல வந்தியோ அதைச் சொல்லு."

அவன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டான். அவள் அசையவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டுப் பேசினான். எங்கள் மேசைக்குப் பெரும்பாலும் காற்றுதான் வந்தது. சைக்கிள் என்று ஒரு வார்த்தை, அம்மா என்று ஒரு வார்த்தை, மன்னிப்பு என்பது மாதிரி ஒன்று. யாரும் சிரிக்கவில்லை. அவன் நீளமாகப் பேசினான், நடுநடுவே நிறுத்தி எச்சிலைத் துடைத்துக்கொண்டு பேசினான், சுன்னீவா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அவள் சொன்னது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"கேட்டுச்சுப்பா. எல்லாம் கேட்டுச்சு."

ஸ்வெர்ரெ டப்பாவுக்கு முத்திரை வைக்கும்போது சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் பிரிவிலிருந்து முடிவு வந்தது. போர்ஹில்ட் கையெழுத்துப் போட்டிருந்தார். பிரதி ஸ்வெர்ரெயின் நேர்மையான அறிக்கையோடு எனக்கும் வந்தது. தற்காலிக அனுமதி உரை நிகழ்த்துவதற்காக வழங்கப்பட்டது என்றும், உரையின் முக்கியமான பகுதி சரக்கின் உதவி இல்லாமலே நிகழ்த்தப்பட்டதாக அதிகாரியின் அறிக்கையிலிருந்து தெரிகிறது என்றும், ஆகவே மேற்படி சரக்குக்கு நாட்டுக்குள் அவசியம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்றும், அது எங்கிருந்து வந்ததோ அந்த ரிக்குக்கே திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

ஹால்வாரைப் போனில் கூப்பிட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இந்த ஒரு தடவையாவது கத்துவான், ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லுவான், நானும் சேர்ந்து சொல்லலாம் என்று காத்திருந்தேன். உரையின் முக்கியமான பகுதி என்று வருகிற வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.

"அவங்க சொல்றது சரிதானே, துரீத்" என்றான் பிறகு. "பல்லு இல்லாமத்தானே சொன்னேன்."

நான் போனை வைத்துவிட்டு, ஏற்றுமதிக் காகிதத்தை எழுத உட்கார்ந்தேன்.